நிகழாதவற்றின் இலக்கணம்

நிகழ்ந்தவற்றை மட்டுமே பேசுவது என்று மனிதன் உறுதி செய்துகொண்டால், அவனுடைய பேச்சில் பாதி குறைந்துவிடும். ‘மழை பெய்தால் விதைப்போம்’ என்று உழவன் கூறுகின்றான். மழை இன்னும் பெய்யவில்லை. ‘நேற்றே புறப்பட்டிருந்தால் தேரோட்டத்தைக் கண்டிருப்போம்’ என்று வழிப்போக்கன் வருந்துகின்றான். அவன் நேற்றுப் புறப்படவும் இல்லை, தேரோட்டத்தைக் காணவும் இல்லை. ‘எனக்குச் சிறகு இருந்தால் இப்பொழுதே பறந்து வருவேன்’ என்று தொலைவில் வாழும் மகனுக்குத் தாய் கடிதம் எழுதுகின்றாள். மனிதருக்குச் சிறகு முளைப்பதில்லை. இனி நிகழக் கூடியவை, நிகழாமற் போனவை, என்றுமே நிகழ மாட்டாதவை ஆகிய மூன்றையும் மனிதன் நாள்தோறும் பேசுகின்றான். இவற்றைப் பேசுவதற்கு ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டுள்ளது.

தமிழில் அவ்வழி மிகவும் எளியது, மிகவும் பழையது. ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தைத் தொல்காப்பியரே குறித்துள்ளார். பின்வந்த நன்னூலார் அதனை எதிர்காலத்துக்கு உரிய எச்சங்களுள் ஒன்றாக வைத்தார். ‘பெய்யின்’, ‘வரின்’ என்று செய்யுளில் வழங்கும் அதுவே இன்றைய உரைநடையில் ‘பெய்தால்’, ‘வந்தால்’ என்று நிற்கின்றது. மழை பெய்தால் என்பதும் சிறகு இருந்தால் என்பதும் ஒரே வடிவம் உடையவை. மழை பெய்யக் கூடியது, சிறகு முளைக்க மாட்டாதது என்னும் வேறுபாட்டைத் தமிழ் வினைச்சொல் காட்டுவதில்லை. கேட்பவனுடைய உலகியல் அறிவுக்கே அதனை விட்டுவிடுகின்றது. ‘பெய்திருந்தால் விளைந்திருக்கும்’ என்று கடந்த காலத்தைப் பற்றிக் கூறும்பொழுது மட்டும், மழை பெய்யவில்லை, பயிர் விளையவில்லை என்னும் குறிப்புப் பெரும்பாலும் சொல்லிலேயே தோன்றும்.

ஆங்கிலம் இவ்வாறு கேட்பவனிடம் விட்டுவிடுவதில்லை. கூடியது, கூடாதது என்பதை வினைச்சொல்லிலேயே காட்ட வேண்டும் என்று அம்மொழி கட்டாயப்படுத்துகின்றது. தமிழ் மாணவர் ஆங்கிலம் கற்கும்பொழுது தடுமாறும் இடங்களுள் இதுவும் ஒன்று. அத்தகைய தடுமாற்றம் ஒரு மாணவனுடைய வாழ்க்கையில் எவ்வாறு ஒரு தெளிவாக முடிந்தது என்பதைக் கூறுவதே இக்கட்டுரை.

ஒரு சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் மூன்று வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். முதலாவது, ‘இஃப் இட் ரெயின்ஸ், தி க்ராப் வில் க்ரோ’ என்பது. மழை பெய்தால் பயிர் வளரும் என்பது அதன் பொருள். இரண்டாவது, ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை’ என்பது. எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன் என்பது அதன் பொருள். மூன்றாவது, ‘இஃப் இட் ஹேட் ரெயின்ட், தி க்ராப் வுட் ஹேவ் க்ரோன்’ என்பது. மழை பெய்திருந்தால் பயிர் வளர்ந்திருக்கும் என்பது அதன் பொருள்.

எழுதி முடித்ததும் ஆசிரியர் மாணவரை நோக்கி, “இரண்டாவது வாக்கியத்தில் ‘ஹேட்’ என்பது இறந்தகால வடிவம். ஆயினும் இங்கே பேசப்படுவது இறந்தகாலம் அன்று. இன்று, இப்பொழுது என்பதே. இறந்தகாலம் இங்கே எதற்காக வந்தது?” என்று வினவினார். ஒருவரும் விடை கூறவில்லை. அவரே விளக்கத் தொடங்கினார்.

“நேற்று என்பது இன்றிலிருந்து விலகி நிற்பது. நிகழாதது என்பது உண்மையிலிருந்து விலகி நிற்பது. இரண்டுக்கும் பொதுவானது தொலைவு. ஆகவே ஆங்கிலேயர் காலத்தின் தொலைவைக் காட்டும் வடிவத்தையே உண்மையின் தொலைவைக் காட்டவும் எடுத்துக்கொண்டனர். இன்றைய கற்பனையைக் கூற வினையை ஒரு படி பின்னே தள்ளுவர். அதனால் ‘ஹேவ்’ என்பது ‘ஹேட்’ ஆகும். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். நேற்றைய கற்பனையைக் கூற மேலும் ஒரு படி பின்னே தள்ளுவர். அதனால் ‘ஹேட் ரெயின்ட்’, ‘வுட் ஹேவ் க்ரோன்’ என்பன வரும். எத்தனை படி பின்னே செல்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். வாக்கியம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பது விளங்கும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ‘வுட்’ என்பது விளைவைக் கூறும் பகுதிக்கு உரியது. ‘இஃப்’ என்று தொடங்கும் பகுதியில் அதனையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை.”

பின்னர் அவர் அத்துணைவினைகளின் வரலாற்றையும் சிறிது கூறினார். இன்று துணையாக மட்டும் நிற்கும் இச்சொற்கள் பழைய ஆங்கிலத்தில் முழுப்பொருள் உடைய வினைகளாக வாழ்ந்தவை. ‘வில்’ என்பது விரும்புதலைக் குறித்தது. ‘ஷல்’ என்பது கடன்பட்டிருத்தலைக் குறித்தது. ‘கேன்’ என்பது அறிந்திருத்தலைக் குறித்தது. ‘மே’ என்பது வலிமை உடைத்தாதலைக் குறித்தது. அவற்றின் இறந்தகால வடிவங்களே முறையே வுட், ஷுட், குட், மைட் என்பன. விருப்பம், கடன், அறிவு, வலிமை என்னும் நான்கும் மனிதன் இன்னும் செய்யாத செயலுக்கு முன்னே நிற்பவை. ஆகவே நிகழாதவற்றைப் பேசும் பொறுப்பு இந்நான்கு சொற்களுக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பு இல்லை.

“‘குட்’ என்னும் சொல்லில் ஒலிக்காத ‘எல்’ எழுத்து ஒன்று உள்ளதே, அஃது எதற்கு ஐயா?” என்று முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்.

ஆசிரியர் சிரித்தார். “வுட், ஷுட் என்பவற்றில் அவ்வெழுத்து இருப்பதற்குக் காரணம் உண்டு அம்மா. வில், ஷல் என்னும் தாய்ச்சொற்களில் அஃது இருக்கின்றது. ‘கேன்’ என்பதில் அவ்வெழுத்து இல்லை. ஆகவே பழைய நாளில் ‘குட்’ என்பதிலும் அஃது இல்லை. அண்டை வீட்டார் இருவரும் அணிந்திருப்பதைக் கண்டு தானும் ஓர் அணியைப் பூண்டுகொண்டவரைப் போல, ‘குட்’ என்பதும் அவ்வெழுத்தைப் பின்னாளில் பெற்றுக்கொண்டது” என்றார். வகுப்பு முழுவதும் நகைத்தது.

நகைப்பு அடங்கியபின், இவ்விலக்கணத்தால் விளையும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். அறிவியலறிஞர் நியூட்டன் இலத்தீன் மொழியில் எழுதிய ஒரு நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1728-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் அவர் ஒரு கற்பனையை விரிக்கின்றார். மிக உயர்ந்த மலையொன்றின் உச்சியிலிருந்து குண்டு ஒன்று கிடைநிலையில் செலுத்தப்படுகின்றது. காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொண்டால், விரைவு குறைவாக இருப்பின் அருகில் விழும். விரைவு மிகுந்தால் தொலைவில் விழும். விரைவு மேலும் மேலும் மிகுந்துகொண்டே சென்றால், அக்குண்டு விழாமலே உலகைச் சுற்றி வந்துவிடும். அவ்வளவு விரைவு தரும் பீரங்கி அன்று உலகில் எங்கும் இல்லை. இருப்பின் என்னவாகும் என்று மட்டும் அவர் எண்ணினார். ஏறத்தாழ 230 ஆண்டுகள் கழிந்தன. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு முதற் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. ‘வுட்’ என்று எண்ணப்பட்டது ‘டஸ்’ என்று ஆயிற்று. இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்து முறை தவறாமல் எண்ணும் ஆற்றலை ஆசிரியர் இவ்வாறு விளக்கிக் காட்டினார்.

பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சி தந்தார். மூன்றாம் வகை வாக்கியம் ஒன்றை ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையிலிருந்து எழுதித் தர வேண்டும் என்பது பயிற்சி. மாணவர் ஆர்வத்துடன் எழுதினர். தேர்வுக்கு நன்கு படித்திருந்தால் முதலிடம் பெற்றிருப்பேன் என்று ஒருவன் எழுதினான். குடை கொண்டுவந்திருந்தால் நனைந்திருக்க மாட்டேன் என்று ஒருத்தி எழுதினாள். சிலர் ‘இஃப்’ பகுதியிலும் ‘வுட்’ என்பதைச் சேர்த்துப் பிழை செய்திருந்தனர். ஆசிரியர் மாலையில் அவற்றைத் திருத்திக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவனுடைய குறிப்பேட்டை எடுத்ததும் அவருடைய சிவப்பு மை நின்றுவிட்டது.

அவன் எழுதியிருந்த வாக்கியம் இது: ‘இஃப் ஐ ஹேட் காட் அப் தட் நைட், அவர் கௌ வுட் ஹேவ் லிவ்ட்.’ அன்றிரவு நான் எழுந்திருந்தால் எங்கள் பசு பிழைத்திருக்கும் என்பது பொருள். இலக்கணப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் மதிப்பெண் இடவில்லை. மறுநாள் பள்ளி முடிந்ததும் அம்மாணவனை அழைத்து வேப்பமரத்தின் அடியில் அமரச் செய்தார்.

“தம்பி, உன் வாக்கியம் சரியாக இருக்கின்றது. ஆனால் அது பயிற்சிக்காக எழுதிய வாக்கியம் போலத் தோன்றவில்லையே” என்றார்.

மாணவன் சிறிது நேரம் தரையையே நோக்கிக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கூறத் தொடங்கினான். அவனுடைய தந்தையார் ஓர் உறவினர் இல்லத்துத் திருமணத்திற்காக வெளியூர் சென்றிருந்தார். பசுவைப் பார்த்துக்கொள்ளுமாறு மகனிடம் சொல்லிச் சென்றிருந்தார். அன்று மாலை பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அண்டை வயலில் புகுந்து, ஈரம் உலராத பயற்றங்கொடியை வயிறு நிறையத் தின்றுவிட்டது. அவன் அதனை ஓட்டி வந்து கட்டினான். நள்ளிரவில் பசு முனகும் ஓசை அவன் காதில் விழுந்தது. கொசுக்கடியால் முனகுகின்றது என்று எண்ணிப் புரண்டு படுத்து உறங்கிவிட்டான். விடியற்காலையில் தாயார் தொழுவத்திற்குச் சென்றபொழுது பசு வயிறு உப்பி இறந்துகிடந்தது. அப்பசுவின் பாலை விற்ற பணத்தில்தான் அவனுடைய தமக்கை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துவந்தாள். தந்தையார் திரும்பி வந்து ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை.

“அவர் திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும் ஐயா” என்று சொல்லி நிறுத்தினான் மாணவன். தான் சொன்னதும் அதே மூன்றாம் வகை வாக்கியமே என்பதை அவன் உணரவில்லை, ஆசிரியர் உணர்ந்தார்.

“முனகலைக் கேட்டதை வீட்டில் சொன்னாயா?”

“இல்லை ஐயா. ஒருவருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினால் தாங்கள் மட்டுமே படிப்பீர்கள் என்று எழுதினேன்.”

ஆசிரியர் உடனே ஆறுதல் கூறவில்லை. ‘உன்மேல் குற்றம் இல்லை’ என்று கூறுவது எளிது. ஆயின் அது உண்மையா என்பது அவருக்குத் தெரியாது. மாணவனும் அதனை நம்ப மாட்டான். சிறிது எண்ணிப் பார்த்து, “தம்பி, இலண்டன் நகரத்தில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்கின்றேன், கேள்” என்று தொடங்கினார்.

“1966-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளின் விடியற்காலை. இரவுக் காவலர் மூவர் தேநீர் அருந்தினர். சிறிது நேரத்தில் மூவரும் வாந்தி எடுத்தனர். தாமே ஒரு மருத்துவமனைக்குச் சென்றனர். அங்கிருந்த செவிலியர், பணியில் இருந்த மருத்துவருக்குத் தொலைபேசியில் செய்தி கூறினார். அம்மருத்துவருக்கும் அன்று உடல்நலம் இல்லை. அவர் நேரில் வந்து பார்க்கவில்லை; வீட்டுக்குச் சென்று தத்தம் மருத்துவரை அழைத்துக்கொள்ளுமாறு சொல்லச் செய்தார். மூவரும் திரும்பினர். அன்று பிற்பகலே அவர்களுள் ஒருவர் இறந்துபோனார். தேநீரில் பாஷாணம் கலந்திருந்தது பின்னர்த் தெரியவந்தது. இறந்தவருடைய மனைவி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.”

“மருத்துவமனைக்குத்தானே தண்டனை கிடைத்திருக்கும் ஐயா?” என்று மாணவன் ஆவலுடன் கேட்டான்.

“பொறு. நீதிபதி தம்முன் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டார். மருத்துவர் நோயாளியை வந்து பார்த்திருக்க வேண்டுமா என்பது முதற்கேள்வி. ஆம், பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது கடமை தவறியதே என்று அவர் முடிவு செய்தார். பார்த்திருந்தால் நோயாளி பிழைத்திருப்பாரா என்பது இரண்டாம் கேள்வி. அதற்கு அவர் தம் மனத்தைக் கேட்டு விடை கூறவில்லை. மருத்துவ வல்லுநர்களைக் கேட்டார். அந்நஞ்சு அதற்குள் உடலில் பரவியிருந்தது. நோயாளியைச் சேர்த்து, சோதித்து, நஞ்சு இன்னது என்று அறிந்து, மாற்று மருந்து தருவதற்குள் உயிர் போயிருக்கும் என்று சான்றுகள் காட்டின. ஆகவே மருத்துவமனை கடமை தவறியது உண்மை. அந்தத் தவற்றால் அவர் இறந்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அம்மனைவியின் வழக்குத் தோற்றது. ஆங்கிலச் சட்டம் கற்போர் இன்றும் அவ்வழக்கைப் படிக்கின்றனர்.”

மாணவன் பேசாமல் இருந்தான். அத்தீர்ப்பு அவனுக்குக் கொடியதாகத் தோன்றியது. அதனை அவன் முகத்தில் கண்ட ஆசிரியர் மேலும் கூறினார்: “அவ்வம்மையாரின் துயரத்தை எண்ணினால் உனக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. உன் வாக்கியத்திற்காகவே அவ்வழக்கைக் கூறினேன். அவ்வழக்கு முழுவதும் இரண்டு சொற்களின்மேல் நின்றது. ‘ஷுட் ஹேவ்’ என்பது ஒன்று. ‘வுட் ஹேவ்’ என்பது மற்றொன்று. செய்திருக்க வேண்டும் என்பது வேறு. செய்திருந்தால் இன்னது நிகழ்ந்திருக்கும் என்பது வேறு. முதலாவதற்குச் சான்று நம் மனமே. இரண்டாவதற்கு மனம் சான்று ஆகாது. நீ முதலாவதை எழுதாமல் இரண்டாவதை எழுதியிருக்கின்றாய். பசு நிச்சயமாகப் பிழைத்திருக்கும் என்பது உனக்கு எவ்வாறு தெரியும்?”

மாணவனுக்கு விடை தோன்றவில்லை.

“நமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதே முறை. நாளை சனிக்கிழமை. கால்நடை மருந்தகத்திற்குச் சென்று மருத்துவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல். அவர் கூறுவதைக் கேட்டு வந்து வாக்கியத்தைத் திருத்தி எழுது” என்று கூறி ஆசிரியர் அவனை அனுப்பினார்.

மாணவன் சனிக்கிழமை காலையில் ஆறு கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்றான். கால்நடை மருத்துவர் அவன் கூறியதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். “ஈரமான பயற்றங்கொடியை மிகுதியாகத் தின்றால் மாட்டின் இரைப்பையில் வாயு பெருகும் தம்பி. அஃது ஏப்பமாக வெளியேறாமல் நுரையில் தங்கிவிடும். வயிறு உப்பி மூச்சை அடைக்கும். சில மாடுகள் ஓரிரண்டு மணி நேரத்தில் இறந்துவிடும். சில விடியும்வரை தாங்கும். நீ நள்ளிரவில் எழுந்து, இருட்டில் இங்கே வந்து, நான் உடனே புறப்பட்டு, குழாய் செலுத்தியோ இடப்பக்க விலாவின் பின்னே துளையிட்டோ வாயுவை வெளியேற்றியிருந்தால் பிழைத்திருக்கவும் கூடும். நான் வருவதற்குள் இறந்திருக்கவும் கூடும். இதற்குமேல் உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது” என்றார். பிறகு, “ஈரத்தழையை வெறும் வயிற்றில் தின்னவிடாதே. முதலில் வைக்கோல் போடு. மாட்டின் இடப்பக்கம் உப்பியிருக்கக் கண்டால் விடியட்டும் என்று காத்திராதே” என்றும் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை அவன் குறிப்பேட்டை ஆசிரியரிடம் நீட்டினான். பழைய வாக்கியத்தில் ‘வுட்’ என்னும் சொல் அடிக்கப்பட்டு, அதன்மேல் ‘மைட்’ என்று எழுதப்பட்டிருந்தது. பசு பிழைத்திருக்கும் என்பது, பசு பிழைத்திருக்கக் கூடும் என்று மாறியிருந்தது. அதன்கீழ்ப் புதிய வாக்கியம் ஒன்றும் இருந்தது: ‘ஐ ஷுட் ஹேவ் காட் அப்.’ நான் எழுந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஆசிரியர் இரண்டையும் படித்தார். “தம்பி, நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் இல்லை, உன்னை வீணாகத் தண்டித்துக்கொள்ளவும் இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாய். எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே கூறியிருக்கின்றாய். ஒரு சொல்லை மாற்றியதால் பசு திரும்பி வாராது. ஆனால் அறியாத ஒன்றை அறிந்ததாகக் கொண்டு நீ சுமந்த சுமை குறையும். இனி இவ்விரண்டு வாக்கியங்களையும் உன் தந்தையாரிடம் தமிழில் சொல்” என்றார்.

அன்றிரவு உணவுக்குப் பின் மாணவன் தந்தையாரிடம், “அப்பா, அன்றைக்கு மாடு முனகியது எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை” என்று கூறினான். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “எனக்குத் தெரியும் அப்பா. உன் கட்டில் தொழுவத்தை ஒட்டித்தானே கிடக்கிறது. உனக்குக் கேட்டிருக்கும் என்று எண்ணினேன். நீயே சொல்வாய் என்று இருந்தேன்” என்றார். சிறிது கழித்து, “நானும் கயிற்றை மாற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும். அது நைந்துபோயிருந்தது எனக்குத் தெரியும்” என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கினர். அவரவர் மனத்தில் தனித்தனியே கிடந்த ‘இருந்திருந்தால்’ அன்று வெளிப்பட்டது.

நிகழாதவற்றைப் பேசும் வடிவங்கள் மனிதனுக்கு இரண்டு வகையில் பயன்படுகின்றன. நியூட்டனுடைய மலையுச்சிக் குண்டைப் போல, இன்னும் நிகழாததை முறையாக எண்ணி அறிவை வளர்ப்பதற்கு அவை உதவும். நிகழ்ந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்து, எங்கே தவறினோம் என்று ஆராயவும் அவை உதவும். அளவறிந்து ஆளாதவனுக்கோ அவையே துன்பமாக முடியும். ‘அவ்வாறு செய்திருந்தால் நிச்சயம் வென்றிருப்பேன்’ என்று தற்பெருமை பேசுபவனும், ‘அவ்வாறு செய்திருந்தால் நிச்சயம் காத்திருப்பேன்’ என்று தன்னை நொந்துகொள்பவனும் ஒரே பிழையைச் செய்கின்றனர். தமக்குத் தெரியாததை இருவரும் தெரிந்ததாகக் கூறுகின்றனர். ‘இருக்கும்’ என்பதற்கும் ‘இருக்கக் கூடும்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு தேர்வில் ஒரு மதிப்பெண்ணாகத் தோன்றலாம். வாழ்க்கையில் அது நேர்மையின் அளவுகோல் ஆகும்.

சில மாதங்களுக்குப் பின் அவ்வீட்டிற்கு ஒரு கிடாரிக் கன்று வந்தது. அதற்குப் புதிய கயிறு வாங்கினார் தந்தையார். மாணவன் தன் குறிப்பேட்டில் இரண்டு வாக்கியங்களின்கீழ் மூன்றாவதாக ஒன்றை எழுதினான். இம்முறை அவன் மூன்றாம் வகையை எழுதவில்லை. கரும்பலகையில் ஆசிரியர் முதலில் எழுதிய வகையையே எழுதினான்: ‘இஃப் தி காஃப் க்ரைஸ் அட் நைட், ஐ வில் கெட் அப்.’ இரவில் கன்று கத்தினால் நான் எழுந்திருப்பேன்.

மார்கழி மாதத்தில் ஓர் இரவு கன்று கத்தியது. அவன் விளக்கை எடுத்துக்கொண்டு தொழுவத்திற்குச் சென்றான். கன்றின் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான், உப்பவில்லை. கொசு மொய்த்துக்கொண்டிருந்தது. வேப்பிலையை இட்டு மூட்டம் போட்டுவிட்டு, கன்று படுக்கும்வரை அருகில் நின்று, பிறகு வந்து உறங்கினான்.